வேணியின் பச்சை ரிப்பன்

புதன்கிழமை மாலை ரோவல் ரோட்டு முனைக் கோப்பிக்கடைக்குள் வந்த சூசையம்மா, கையிலிருந்த குடையை மடக்க மறந்துபோயிருந்தாள். மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. விரித்த குடையோடு மேசைகளுக்கு நடுவே நின்றவளைப் பார்த்துச் சிரிக்கப்போன தனசேகரன், அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான்.

"இங்க செல்லக்கண்ணு அண்ணே யாரு?"

தனசேகரன் தனக்கு எதிரே இருந்தவரைக் காட்டினான். சாலைக்குத் தார் ஊற்றுகிற வேலையில் முப்பது வருஷம் நின்ற மனிதர். ஐம்பத்தாறு வயது. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் தார் போகாது. லைன் வீடுகளில் ஒரு பொருள் காணாமல் போனாலும், மொட்டைக் கடிதம் வந்தாலும், சனங்கள் போலீசுக்குப் போகுமுன் இவரிடம்தான் வருவார்கள். நாற்பத்திரண்டு வயதில், சங்கத்தில் துரைசாமி எடுத்த வகுப்பில் உட்கார்ந்துதான் எழுத்துப் படித்தார். இன்றைக்கும் வரிக்கு அடியில் விரலை வைத்துத்தான் படிப்பார். "நாமெல்லாம் ஓடுற பஸ்ஸுல இருந்து வேடிக்கை பாக்குற மாதிரி படிக்கிறோம். அண்ணன் நடந்து போற ஆளு, ஒரு கல்லையும் விடமாட்டாரு" என்று பஸ் கண்டக்டரான தனசேகரன் பெருமையாகச் சொல்லுவான்.

"உக்காரும்மா," என்றார் செல்லக்கண்ணு. "முதல்ல கொடைய மடக்கு."

அவள் உட்கார்ந்தாள். "எம்பொண்ணு பிரிஜட்டுக்கு லெட்டர் வருதுண்ணே."

"யாரு எழுதுறா?"

"டிவியில வர்ற பேய்."

தனசேகரனின் கோப்பி மேசையில் சிந்தியது. "வேணியா? 'நாலாவது மணி' வேணியா?"

அந்த 1980ஆம் வருஷம் வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணி ஆனால் போதும், தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லாம் 'நாலாவது மணி'தான் ஓடும். ஒரு பழைய பள்ளிக்கூடம், அதில் நான்கு மாணவர்கள். பள்ளி விடும்போது மூன்று முறை மணி அடிக்கும். அந்த நால்வருக்கு மட்டும் நாலாவது மணி கேட்கும். கேட்டதும், என்றோ இறந்துபோன வேணி என்ற மாணவி நடைக்கூடத்தின் கடைசியில் வந்து நிற்பாள். முப்பத்திநாலு வயதாகியும் தனசேகரன் ஒரு வெள்ளிக்கிழமையைத் தவறவிட்டதில்லை. டிக்கெட் கட்டோடு ஒரு நோட்டும் வைத்திருந்தான். மூன்றாம் பகுதியில் பின்னால் போன பஸ்ஸின் நம்பர், தலைமையாசிரியர் அறைக் காலண்டர் எந்தத் தேதியில் நின்றுவிட்டது, வேணியின் படத்துக்கு முன்னால் எரியும் குத்துவிளக்கில் எத்தனை திரி என்று எல்லாமே அதில் இருக்கும். சமூக மன்றத்துப் புதிர்ப் போட்டியில் பள்ளிப் பிள்ளைகளைத் தோற்கடித்து ஒரு டிபன் கேரியர் வாங்கிய ஆள் அவன்.

சூசையம்மா பைபிளுக்குள் வைத்திருந்த நாலு கடிதங்களை எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கண்ணு விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொன்றாகப் படித்தார்.

முதல் கடிதம்: 'பிரிஜட், அழாதே. வெள்ளிக்கிழமை மணிக்கூண்டில் ஒரு புறா உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் என்னை நினைத்துக்கொள். வேணி.'

இரண்டாவது: 'நடைக்கூடத்தில் தரைக்கல் ஒன்று இல்லாமல் இருக்கும். நான் அந்த இடத்தில் நிற்பேன். நீ சாப்பிடு.'

மூன்றாவது: 'பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டு படியில் இறங்கி வருவேன். பயப்படாதே. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.'

நாலாவது: 'வருகிற வெள்ளிக்கிழமை மணியை இறக்கிவிடுவார்கள். அதோடு நான் போகிறேன். இனி எழுத முடியாது. நவம்பர் இரண்டாம் தேதி எனக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்று.'

"புறா எட்டாவது பகுதி!" தனசேகரன் நோட்டைப் புரட்டினான். "கல்லு ஒன்பதாவது. படி பதினொண்ணு. அதெல்லாம் டிவியில வர்றதுக்கு முன்னாடியே இந்த லெட்டரெல்லாம் வந்துச்சாம்மா?"

"ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வந்துடும். கதவுக் கம்பியில சொருகியிருக்கும். ஸ்டாம்பு கிடையாது."

தனசேகரன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். நோட்டைப் பார்த்துத் தேற்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணு தப்புலா. வேணி கட்டுறது நீல ரிப்பன். நான் சமூக மன்றத்துக் கலர் டிவியில பாத்தேன். பேய்க்குத் தன் ரிப்பன் கலரே தெரியல!"

செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. "பேய்க் கதைக்கா இப்படி நடுங்குறே தங்கச்சி? இன்னும் எதையோ சொல்லாம வச்சிருக்கே."

அவள் குரல் இறங்கியது. "கையெழுத்துண்ணே. எனக்கு அவ்வளவா படிக்க வராது. ஆனா பெத்த பொண்ணு கையெழுத்து தெரியாதா? இது என் மூத்தவ ஆனி எழுத்து. 'ழ'வோட வால் நத்தை மாதிரி சுருண்டிருக்கும். புள்ளி வைக்கச் சொன்னா குட்டி வட்டம் போடுவா. ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. நவம்பர் மழையில ஸ்கூல் விட்டு வந்தவ கால் தவறிக் கால்வாயில..."

கடையில் யாரோ ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள். யாரோ அதட்டியதும் ஒலி குறைந்தது.

"நேத்து பிரிஜட் அவ கைக்கடிகாரத்தைக் கழட்டிச் சிநேகிதி ரபியாகிட்ட கொடுத்திருக்கா. ஸ்கூல் புத்தகம், கேசட்டு, எல்லாத்தையும் கொடுத்துட்டா. 'வெள்ளிக்கிழமை அக்கா போறா, நானும் கூடப் போயிடுவேன்'னாளாம். ரபியா அழுதுகிட்டே வந்து சொல்லுச்சு. எத்தனை நாள்ணே நான் வேலைக்குப் போகாம கதவைப் பிடிச்சுகிட்டு நிப்பேன்?"

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?"

"இல்ல. ஆனி போனதுல இருந்து அவருக்கு வாயே இல்ல. இதைச் சொன்னா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."

செல்லக்கண்ணு துண்டுத்தாளில் அவள் வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டார். கோப்பை எடுக்க வந்த கடைப்பையன் எட்டிப் பார்த்தான். "துரைசாமி சார் வந்துட்டுப் போனாரா? அவர் எழுத்தாட்டம் இருக்கு."

"நான்தாம்பா எழுதினேன்."

"அண்ணன் எழுத்தைப் பாத்துச் சங்கத்துலயே ஏமாந்திருக்காங்க," என்று தனசேகரன் சிரித்தான்.

செல்லக்கண்ணு எழுதிய தாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். "வாம்மா, வீட்டுக்குப் போவோம்."

ஏழாவது மாடி. லிப்ட் ஆறில்தான் நின்றது. மிச்சப் படிகளை ஏறும்போது, இருட்டத் தொடங்கியிருந்த நீண்ட நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு பெண் நிற்பதுபோலத் தனசேகரனுக்குத் தோன்றியது. கிட்டப் போனபோது நிஜமாகவே ஒரு பெண்தான். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிஜட், பதினாறு வயது. மெலிந்த தோளில் பள்ளிச் சீருடை தொளதொளவென்று தொங்கியது.

"அம்மா யாரைக் கூட்டிட்டு வந்திருக்காங்க? பூசாரியா, சாமியாரா?" என்றாள்.

"ரோடு போடுறவன்," என்றார் செல்லக்கண்ணு. "கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போய்விட்டது. தண்ணீரைக் கொடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். டிவி ஓடவில்லை. அணைந்த கண்ணாடியில் அவள் உருவம் மங்கலாக உட்கார்ந்திருந்தது.

"உனக்குப் பயமா இல்லையா பாப்பா?" என்றான் தனசேகரன்.

"அங்கிள், எங்க அக்கா எழுதுறா. நான் ஏன் பயப்படணும்?" குரலில் அசைவே இல்லை. "பச்சை ரிப்பன் விஷயம் எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். நீங்க யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்."

சூசையம்மா சமையலறையில் தேநீர்க் கெட்டிலை ஒரு தரைக்கல்லின்மேல் வைத்தாள். கருஞ்சிவப்பும் பச்சையுமாக எட்டு இதழ்ப் பூப் போட்ட பழைய கல். செல்லக்கண்ணு கெட்டிலைத் தூக்கிக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"நல்ல கல்லு."

"அவரு எங்கேயோ உடைக்கிற இடத்துல இருந்து கொண்டாந்தாரு. கட்டடம் இடிக்கிற வேலை. லாரி எங்க கொண்டுபோய் இறக்குதோ அங்கதான். இன்னைக்கு எங்கேன்னு கேட்டாலும் சொல்ல மாட்டாரு."

ஆனியின் நோட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. கட்டுரை நோட்டின் எழுத்தும் கடிதத்தின் எழுத்தும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாகவே இருந்தன. நத்தை வால், குட்டி வட்டம், எல்லாம் அப்படியே. தனசேகரன் சிலுவைப் படத்தையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான். செல்லக்கண்ணு ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நீல மைக்கு மேலேயே தடித்த பென்சில் கோடு ஒன்று ஓடியிருந்தது. பக்கம் பக்கமாக அப்படித்தான்.

"அவ அழுத்தி எழுதுவாண்ணே," என்றாள் சூசையம்மா.

"ஆனி என்ன ரிப்பன் கட்டுவா?"

"வெள்ளைதான். ஸ்கூல் ரூல். ஏன்?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில அவளை யாரு போய்ப் பாத்தா?"

"அவரு மட்டும்தான். என்னை விடல. நான் பாக்கும்போது கன்னியாஸ்திரீங்க வெள்ளைக் கவுன் போட்டு, தலையில பூமுடி வச்சு..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது சூசையம்மாவின் புருஷன் லாசரஸ் வந்தார். தலை முதல் கால் வரை சுண்ணாம்புத் தூசி. காதில் தட்டையான தச்சுப் பென்சில். வந்தவர்களுக்குத் தலையசைத்துவிட்டு, மகளின் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றார். தட்டை அவள் பக்கமாக லேசாக நகர்த்தி வைத்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார்.

"அவருக்கு லெட்டர் விஷயம் தெரியுமா?"

"வருதுன்னு தெரியும். படிக்கத்தான் தெரியாதே. சம்பளம் வாங்குறதுக்கு இன்னும் கைநாட்டுதான்."

மறுநாள் வியாழன். பள்ளி விட்டதும் ரபியாவும் அவள் அண்ணன் ரவூப்பும் கோப்பிக்கடைக்கு வந்தார்கள். ரவூப் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு விளக்குத் தூக்குகிறவன் என்று தெரிந்ததும் தனசேகரன் துள்ளினான்.

"கிடைச்சுட்டான்ணே! வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் தெரிஞ்சது இவனுக்குத்தான். தங்கச்சிகிட்ட ஆனி நோட்டு ஏதாவது இருந்திருக்கும். பாத்து எழுதியிருக்கான்!"

"ஐயோ அண்ணே, எனக்குத் தமிழ்ல பேர் எழுதவே நாக்கு வெளிய வரும்லா!" என்றான் ரவூப். "செத்த பிள்ளை பேரை வச்சு விளையாட நான் என்ன ஷைத்தானா?"

ரபியா கைக்கடிகாரத்தை மேசையில் வைத்தாள். "இதைக் கட்டிக்க எனக்குப் பயமா இருக்கு அங்கிள். அவகிட்டயே திருப்பிக் கொடுங்க."

செல்லக்கண்ணு அந்தக் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தனசேகரனைப் பார்த்தார். "தம்பி, உன் நோட்டுல இருந்து ஒண்ணு சொல்லு. எட்டாவது பகுதியில புறாவைத் தவிர வேற என்ன வந்துச்சு?"

"எவ்வளவோ! வேணி அம்மா வீட்டுல கண்ணாடி தானா உடையும். அதுதான் பெரிய சீன். ஒன்பதுல ஆஸ்பத்திரி. பதினொண்ணுல ஐஸ் கச்சாங் கடையில நாலு கிண்ணம் கேட்டா அஞ்சு வரும். சனங்க அதையேதான் ஒரு வாரம் பேசுனாங்க."

"அதெல்லாம் கடிதத்துல ஏன் இல்ல?"

தனசேகரன் நோட்டில் அந்தப் பக்கங்களை மறுபடி புரட்டினான்.

"புறா, தரைக்கல்லு, படி, மணி. ரவூப் தம்பி, இதெல்லாம் எங்க எடுத்தீங்க?"

"காத்தோங்ல, ஒரு பழைய ஸ்கூல் கட்டடத்துல. காலியாக் கிடக்கு, இடிக்கப் போறாங்க. ஒரு பக்கம் இடிச்சுகிட்டே இருப்பாங்க, இன்னொரு பக்கம் நாங்க எடுப்போம். வீடு, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் ஸ்டூடியோ செட்டு."

"வேணி செத்ததுக்கு வீட்டுல என்ன செஞ்சாங்க?"

"பதினாறாம் நாள் காரியம்," என்றான் தனசேகரன் உடனே. "ரெண்டாம் பகுதி. படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, அஞ்சு திரி."

"மெழுகுவத்தி?"

"வேணி இந்துப் பொண்ணுண்ணே. அவளுக்கு எதுக்கு மெழுகுவத்தி?"

"அதான் நானும் கேக்குறேன்," என்று சொல்லிவிட்டுச் செல்லக்கண்ணு கோப்பியைக் குடித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை தனசேகரன் விடுப்புச் சொன்னான். பிரிஜட்டைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சூசையம்மாவும் ரபியாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நண்பகலில் செல்லக்கண்ணுவும் தனசேகரனும் காத்தோங்கில் இறங்கி, ரவூப் சொன்ன கட்டடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

டிவியில் மாதக்கணக்காகப் பார்த்த நடைக்கூடம் அதுதான். கூரை பாதி போயிருந்தது. வெயில் சதுரம் சதுரமாக விழுந்து கிடந்தது. தரை முழுக்க எட்டு இதழ்ப் பூ. தனசேகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வேணி நிற்கிற இடம் வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அங்கே ஒரு கல் இல்லை. நிறத்தை இப்போதுதான் பார்க்கிறவன்போலக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே... கருஞ்சிவப்பு, பச்சை. இந்தக் கல்லு எங்க போச்சுன்னு சமூக மன்றத்துல மூணு வாரம் வாதம் பண்ணினோம். வேணியோட கல்லறை அதுக்குக் கீழதான்னு ஒருத்தன் அடிச்சுச் சொன்னான்."

"அது மேலதான் முந்தாநாள் தேத்தண்ணிக் கெட்டில் இருந்துச்சு."

முற்றத்தில் ஆட்கள் கயிறு கட்டி மணியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆடிய மணி உத்தரத்தில் மோதியது. ஒன்று. இரண்டு. மூன்று. தனசேகரன் விரல்விட்டு எண்ணினான். நாலாவதுக்காகக் காத்திருந்தான். ஒரு கை நீண்டு மணியை அணைத்து நிறுத்தியது. சுண்ணாம்புத் தூசி படிந்த அந்தக் கை லாசரஸுடையது. பிள்ளையை இறக்கி வைப்பதுபோல மணியை மண்ணில் இறக்கி வைத்தார். அவர் இவர்களைப் பார்க்கவில்லை.

"இப்பவே போய்க் கேப்போமா?"

"இங்க வேண்டாம். கூட வேலை செய்யுறவங்க முன்னால வேண்டாம். அவர் பதில் சொல்ல வேண்டியது நமக்கு இல்ல."

மாலை ஏழே கால். சின்ன வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள். வேலை முடிந்து வந்த லாசரஸ் கதவோரம் நின்றார். ரவூப்பும் ரபியாவும் தரையில். டிவியை முடுக்கிவிட்டு அதன் எதிரே பிரிஜட். கடைசிப் பகுதிக்குப் பதினைந்து நிமிஷம். பிரிஜட் தலைவாரி, புதுச் சட்டை போட்டிருந்தாள். அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் தனசேகரனுக்குப் பயமாக இருந்தது.

செல்லக்கண்ணு நாலு கடிதங்களையும் மேசையில் பரப்பினார்.

"இதை எழுதினது யாருன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். பிரிஜட்டும்மா, நீ டிவியைப் பாரு, காது மட்டும் இங்க இருக்கட்டும். முதல்ல ரவூப் தம்பி இல்ல. அவனுக்கு ஸ்டூடியோவும் தெரியும். கண்ணாடி உடையுறதையும் அஞ்சாவது கிண்ணத்தையும் எழுதாம, புறாவையும் தரைக்கல்லையும் யாரு எழுதுவா? பள்ளிக்கூடத்தை மட்டும் பாக்குற ஆளுதான் எழுத முடியும். அந்த ஆளுக்குக் கதையே முழுசாத் தெரியாது."

டிவியில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டாவது, மெழுகுவத்தி. நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். இந்துப் பேய்க்கு அது எதுக்கு? எழுதின ஆளுக்கு, செத்தவங்களை நினைக்கிறதுன்னா அந்த நாளும் மெழுகுவத்தியும்தான் தெரியும். லூர்து மாதா கோயிலுக்குப் போற ஆளு."

சூசையம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"மூணாவது, ரிப்பன். தனசேகரன் இதைத் தப்புன்னான். கலர் டிவியில பாத்தா நீலம். படம் எடுக்குற இடத்துல பாத்தாலும் நீலம். உங்க வீட்டு டிவியில பாத்தா நிறமே இல்ல. அப்ப பச்சை எங்கிருந்து வந்துச்சு? அது வேணியோட ரிப்பனே இல்ல. ஆனி கடைசியாக் கட்டியிருந்த ரிப்பன்."

பிரிஜட் திரும்பினாள். "அதைத்தான் நான் சொன்னேன். அது என்னோட ரிப்பன். அன்னைக்குக் காலையில அம்மா வேலைக்குப் போனப்புறம் எங்கிட்ட கேக்காம எடுத்துக் கட்டிட்டுப் போயிட்டா. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது."

"அவ தலையில அதைப் பாத்தவருக்குத் தெரியும்மா. ஆஸ்பத்திரியில பாத்தவருக்கு."

எல்லோர் கண்ணும் கதவோரம் திரும்பியது. லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவருக்கு எழுதத் தெரியாதுண்ணே!" என்றாள் சூசையம்மா. "அதுவும் ஆனி எழுத்து மாதிரி அச்சா..."

"அதுதான் என்னையும் முதல்ல பயமுறுத்துச்சு. அப்புறம் என் எழுத்தையே பாத்தேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரு துரைசாமி. அவர் தாளைப் பாத்து எழுதி எழுதி, என் கையில அவர் எழுத்துதான் நிக்குது. சின்ன வயசுல படிச்சவனுக்குப் போகப்போகத் தன் எழுத்து வந்துடும். நாப்பது அம்பதுல கத்துக்கிட்டவனுக்கு, எதைப் பாத்துக் கத்துக்கிட்டானோ அதுதான் எழுத்து. ஆனி நோட்டுல மை மேல பென்சில் ஓடியிருக்கு. ஆனி அழுத்தி எழுதல தங்கச்சி. அந்த எழுத்து மேலேயே ஒருத்தர் தச்சுப் பென்சிலை வச்சு நடந்திருக்கார், பக்கம் பக்கமா."

லாசரஸ் காதிலிருந்த பென்சிலைத் தொட்டார்.

"படிக்கணும்னு நெனச்சேன்," என்றார். பேசிப் பழகாத குரல் கரகரத்தது. "அவ என்ன எழுதி வச்சிருக்கான்னு. யாரைக் கேக்குறது? கூட வேலை செய்யுற சீனன் தமிழ் படிப்பானா? கோயில் உபதேசியார்கிட்ட எந்த எழுத்துக்கு என்ன சத்தம்னு மட்டும் கேட்டுகிட்டேன். மிச்சம் அவ நோட்டுதான். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து..." நிறுத்தினார். "சின்னவ சாப்பிடுறதே இல்ல. எங்கிட்ட வார்த்தை இல்ல. அந்த வேணிப் பொண்ணு சொன்னாக் கேப்பாளேன்னு எழுதினேன். பேரும் வேணின்னுதான் போட்டேன். ஆனி பேரைப் போட எனக்குத் தைரியம் இல்ல."

"அப்பா, இது அக்கா எழுத்துன்னு உங்களுக்குத் தெரியலையா?" பிரிஜட்டின் குரல் இப்போதுதான் நடுங்கியது.

"எழுத்துன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்கன்னு."

செல்லக்கண்ணு மெல்லச் சொன்னார். "லாசரஸ், உங்ககிட்ட ஒருத்தரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. கட்டடம் முடிஞ்சுது, இனிச் சேதி இல்லன்னு நீங்க கடைசிக் கடிதம் எழுதினீங்க. வேணி போறான்னு. உங்க பொண்ணு அதை ஆனி போறான்னு படிச்சா. அவகூடத் தானும் போறதுன்னு முடிவு பண்ணி, இன்னைக்குத் தலைவாரி உக்காந்திருக்கா."

லாசரஸ் மகளைப் பார்த்தார். புதுச் சட்டையைப் பார்த்தார். கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்தார். கதவை விட்டு நகர்ந்து வந்து, மேசையருகே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தொலைஞ்சு போன்னு சொன்னேன்பா," என்றாள் பிரிஜட். இரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது அது. "ரிப்பனுக்காக. வாசல்ல நின்னு கத்தினேன். தொலைஞ்சு போ, திரும்பி வராதேன்னு. அவ சிரிச்சுகிட்டே போனா."

சூசையம்மா எழப்போனாள். செல்லக்கண்ணு கையால் அமர்த்தினார்.

லாசரஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே மடித்த பச்சை ரிப்பன். தண்ணீரில் சாயம் போய் ஓரம் வெளுத்திருந்தது. அதை மகள் முன்னால் வைத்தார். கடிதம் ஒன்றைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் தச்சுப் பென்சிலை வைத்தார். தடித்த விரல்கள் மெல்ல நகர்ந்தன. 'அ' வந்தது. 'ழ' வந்தது. அதன் வால் நத்தையாகச் சுருண்டது. 'தே' என்று முடித்தார்.

அழாதே.

பிரிஜட் அந்தச் சுருண்ட வாலின்மேல் விரலை வைத்தாள். பென்சில் தூள் விரலில் ஒட்டியது.

"அக்கா மாதிரியே எழுதுறீங்கப்பா."

"எனக்கு வேற மாதிரி எழுதத் தெரியாதும்மா."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆனி போன நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தத்தில், வாய்விட்டு அழுதாள். சூசையம்மாவும் அழுதாள். ரபியாவும் சேர்ந்துகொண்டாள். ரவூப் கூரையைப் பார்த்தான்.

செல்லக்கண்ணு கைக்குட்டையைப் பிரித்துக் கடிகாரத்தை ரிப்பனுக்குப் பக்கத்தில் வைத்தார். "நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நவம்பர் ரெண்டு. கல்லறைக்கு எல்லாரும் சேர்ந்து போங்க. மெழுகுவத்தி ஏத்தணும்னு எழுதியிருக்கில்ல?"

பிரிஜட் தலையாட்டினாள். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு கையால் வாரை மாட்ட வரவில்லை. லாசரஸ்தான் மாட்டிவிட்டார்.

படியிறங்கிக் கீழே வந்த பிறகுதான் தனசேகரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். மணி எட்டைத் தாண்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் டிவி முழுதும் ஓடி முடிந்திருக்கிறது. நாலாவது மணி அடித்திருக்கும், வேணி போயிருப்பாள். அந்த அறையில் ஒருவரும் பார்க்கவில்லை.

"கடைசிப் பகுதி போச்சேண்ணே!"

"மேல பாத்ததையே எழுதிக்கோ," என்றார் செல்லக்கண்ணு.

பதின்மூன்றாம் பகுதிக்கென்று தனசேகரன் விட்டுவைத்த பக்கம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் சமூக மன்றத்துப் போட்டியில் கடைசிப் பகுதியைப் பற்றிய கேள்வி வந்தபோது, அவன் தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.